ஐந்து ரூபாய்க் காசும் ஆவடி யார்டும்

மாடல் ரயில் வைத்திருப்பவர்களிடம் டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டை விற்பவர் முதலில் சொல்வது, "ரெண்டு ஒயர் போதும் சார்" என்பதைத்தான். சொல்வது பொய்யில்லை. பழைய டிசி முறையில் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தால்தான் இரண்டு ரயிலை இரண்டு வேகத்தில் ஓட்ட முடியும். டிஜிட்டல் கட்டுப்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளம் முழுவதும் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். எந்த எஞ்சின் எந்த வேகத்தில் போக வேண்டும் என்கிற கட்டளையும் அதே மின்சாரத்தோடு கலந்தே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியதால், இன்று ஒரு கம்பெனி எஞ்சினை இன்னொரு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டியால் ஓட்ட முடிகிறது.

ஆக, இரண்டு கம்பியில் எல்லா ரயிலும் ஓடும். ஆனால் ஒரு மூலையில் ஒரு சக்கரம் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிட்டால், அதே இரண்டு கம்பியால்தான் எல்லா ரயிலும் நிற்கும். என் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது: ஓர் இடத்து ஷார்ட் அங்கேயே அடங்கும்படி பாதையைப் பிரிப்பது.

நான் ரயில்வேயிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். சென்னைக் கோட்டத்தில் ஓஎச்இ பிரிவில், தண்டவாளத்துக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், ஓய்வு பெறும்வரை இருந்தேன். இப்போது நூம்பலில், வீட்டுக் கார் ஷெட்டில், மாடல் ரயில் மேசைகளுக்கு ஒயரிங் செய்துகொடுக்கிறேன். முகப்பேர், அண்ணா நகர், போரூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருந்தால் தவிர ஊருக்குள் நான் அதிகம் போவதில்லை.

பெரிய ரயிலில் கற்றுக்கொண்டது சின்ன ரயிலில் அப்படியே செல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரிப்பது எதற்கு என்கிற புத்தி எனக்கு அங்கேதான் வந்தது. சென்னையில் மின்சார ரயில் 1931இல் பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1500 வோல்ட் டிசியில் ஓடத் தொடங்கியது. 1967இல் அது 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. நம் மேற்குப் பாதையில், சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை, 1979இல் மின்சாரம் வந்தது. பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பவருக்கு வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி எல்லாம் ஒரே கம்பியாகத்தான் தெரியும். உண்மையில் அது ஏகப்பட்ட துண்டுகள். ஒரு சப்ஸ்டேஷன் ஊட்டும் எல்லை முடியும் இடத்தில் நியூட்ரல் செக்‌ஷன் இருக்கும். அங்கே 500 மீட்டர், 250 மீட்டர் என்று பலகை வைத்து எச்சரிப்பார்கள்; லோகோ பைலட் டிஜே என்கிற எஞ்சினின் மெயின் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடும் வேகத்திலேயே கரன்ட் இல்லாத அந்தச் சிறு தூரத்தைக் கடப்பார். இரண்டு நியூட்ரல் செக்‌ஷன்களுக்கு நடுவிலும் கம்பி சும்மா விடப்பட்டிருக்காது. இன்டரப்டர்களால் பிரித்திருப்பார்கள், அதற்கும் கீழே ஐசோலேட்டர்களால் இன்னும் சிறிதாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாதையின் கம்பி வேறு, பக்கத்துப் பாதையின் கம்பி வேறு.

காக்கை கூடு கட்டக் கம்பித் துண்டைக் கொண்டுவந்து பிராக்கெட்டில் சொருகும். பீடர் ட்ரிப் ஆகும். கண்ட்ரோலில் இருந்து கம்பியின் கரன்ட்டை நிர்வகிக்கும் டிபிசி ஒரு முறை திரும்பச் சார்ஜ் செய்து பார்ப்பார். கூடு எரிந்து விழுந்திருந்தால் கம்பி தாங்கும். மறுபடி ட்ரிப் ஆனால் இன்டரப்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தத் துண்டில் கோளாறு என்று வடிகட்டுவார். கோளாறான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதற்கு கரன்ட் கொடுத்துவிடுவார். நாங்கள் டவர் வேகனில் போய்ச் சேர்வதற்கு முன்பே மற்ற பாதைகளில் வண்டி ஓடத் தொடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான பேர் அலுவலகம் போகிற காலை நேரத்தில் இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். மாடல் ரயிலில் அதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஷார்ட் ஆனால் பெரும் கரன்ட் பாயும், பிரேக்கர் உடனே விழும். அதே ஷார்ட் துண்டின் கடைசி முனையில் நடந்தால், நடுவே இருக்கும் கம்பியின் தடையால் கரன்ட் குறைந்துபோகும். அது, இரண்டு மூன்று வண்டி ஒரே நேரத்தில் இழுக்கிற சாதாரண கரன்ட் அளவுக்கே வந்துவிடலாம். கரன்ட்டை மட்டும் பார்க்கிற ரிலேவுக்கு எது வண்டி, எது ஷார்ட் என்று தெரியாது. அதனால் அங்கே டிஸ்டன்ஸ் ரிலே வைக்கிறார்கள். அது வோல்ட்டையும் கரன்ட்டையும் சேர்த்துப் பார்த்து, தடையைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும். மாடல் ரயில் பிரேக்கருக்கு அந்த அறிவு கிடையாது. அதற்குக் கரன்ட் ஒன்றுதான் கண். கடைசி முனையில் நடக்கும் ஷார்ட்டை அதன் கண்ணில் படும்படி செய்வது ஒயரிங் செய்பவரின் பொறுப்பு.

முகப்பேரில் ஒரு மாடி அறையில் இதை நேரில் பார்த்தேன். எச்ஓ அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையோ 16.5 மில்லிமீட்டர்தான். இந்திய எஞ்சின் மாடல்களும் அந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. எனக்கு அதில் மனக்குறை உண்டு, இருக்கட்டும். அந்த வீட்டில் இரட்டைப் பாதை, நடுவே ஆவடி மாதிரி ஒரு ஸ்டேஷன், அதை ஒட்டி மின்சார ரயில் ஷெட், மேசைக்கு அடியில் ரயில்களை மறைத்து நிறுத்தும் லைன்கள், ஒரு மூலையில் வண்டி திரும்பி வரும் லூப் என்று ஆசை ஆசையாகச் செய்திருந்தார்கள். தண்டவாளத்துக்குக் கரன்ட் ஊட்ட 5 ஆம்பியர் பூஸ்டர் ஒன்று. முன்பு ஒயரிங் செய்தவர் ஸ்பீக்கர் ஒயரில் இரண்டு இடத்தில் மட்டும் கரன்ட் கொடுத்துவிட்டு, மீதியைத் தண்டவாள ஃபிஷ்பிளேட்டுகளின் பொறுப்பில் விட்டிருந்தார். நிக்கல் சில்வர் தண்டவாளம் செம்பைப் போலக் கரன்ட் கடத்தாது. ஃபிஷ்பிளேட்டோ சென்னையின் ஈரக் காற்றில் ஒன்றிரண்டு மழைக்காலத்தைத் தாண்டினாலே கறுத்துவிடும்.

ஷெட் நுழைவாயிலில் ஒரு பாயின்ட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் நான்கு உருகி, தண்டவாளம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. "தீ எதுவும் பிடிக்கல சார், ட்ரிப்பும் ஆகல. லேசா ஒரு வாசனை வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர். ட்ரிப் ஆகாததுதான் விஷயம். அங்கிருந்து பூஸ்டர் வரை போய்த் திரும்பும் வழியின் தடை ஏறக்குறைய 4 ஓம் வந்தது. 15 வோல்ட்டை 4ஆல் வகுத்தால் 3.75 ஆம்பியர். பூஸ்டரின் எல்லை 5. அதன் கணக்கில் அங்கே ஷார்ட்டே இல்லை. யாரோ நிறைய எஞ்சின் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். சக்கரம் தொட்டுக்கொண்டே இருந்தது, 56 வாட் வெப்பம் வழியெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. அதில் பாதி ஒரு கறுத்த ஃபிஷ்பிளேட்டில் இறங்கினாலும், என் 25 வாட் சால்டரிங் அயனை எடுத்துத் தண்டவாளத்தில் ஊன்றி வைத்ததற்குச் சமம்.

எனவே பிரிப்பதற்கு முன்பு தடையைக் குறைக்க வேண்டும். அந்த மேசையில் பழைய ஒயரை முழுவதும் உருவிவிட்டு, மெயின் ஒயராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தேன். வீட்டு பிளக் பாயின்ட்டுக்கு எலக்ட்ரீஷியன்கள் போடும் அதே ஒயர்தான். 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினால் அதன் தடை சுமார் 0.15 ஓம், 5 ஆம்பியரில் முக்கால் வோல்ட்தான் இழப்பு. அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு ஐந்து மடங்கு. மெயினிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக ஃபீடர் என்கிற சிறு ஒயர் ஏற்றி சால்டர் வைத்தேன்; ஃபிஷ்பிளேட்டுகள் இப்போது தண்டவாளத்தை நேராக நிறுத்தி வைக்க மட்டுமே. இரண்டு மெயின் ஒயரையும் லேசாக முறுக்கி விட்டிருக்கிறேன். டிசிசி மின்சாரம் ஒரு பிட்டுக்குள்ளேயே 58 மைக்ரோ செகண்டில் பக்கம் மாறுவது. நீண்ட ஒயரில் அந்த அலையின் ஓரங்கள் சிதையாமல் இருக்க முறுக்கு உதவும்.

அடுத்தது வெட்டும் இடம். பலர் மேசையைப் பார்த்து நான்காகப் பிரிக்கிறார்கள்: இந்த மூலை ஒன்று, அந்த மூலை ஒன்று. அளவு சமமாக வரும், வேலைக்கு ஆகாது. அப் லைனில் ஒரு வண்டி தடம் புரண்டால் அதே மூலையில் இருக்கும் டவுன் லைனும் சாகும். கொஞ்ச நேரத்தில் சுற்றி வரும் வண்டியெல்லாம் அந்த மூலையில் வந்து நிற்கும். நான் வீட்டுக்காரரையும் அவர் மகளையும் வழக்கம்போல ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். யார் எந்த வண்டியை ஓட்டுகிறார்கள், எங்கே கை வைத்துத் தூக்கி வைக்கிறார்கள், எந்தப் பாயின்ட்டை மாற்ற மறந்து உள்ளே விடுகிறார்கள் என்று பார்ப்பேன். ஷார்ட் எல்லாம் அநேகமாகப் பாயின்ட்டுகளில்தான் பிறக்கும். ஆகவே பாயின்ட்டுகள் மொய்க்கிற யார்டும் ஷெட்டும் ஒரு பிரிவாக வேண்டும், நேராக ஓடுகிற அப்பும் டவுனும் தனித்தனிப் பிரிவாக வேண்டும். மறைவு லைன்கள் ஒரு பிரிவு. அங்கே என்ன நடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கு மட்டும் விளக்கோடு பஸ்ஸரும் வைத்தேன். லூப் ஒரு பிரிவு. பேனலில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதப் போனேன். "அங்கிள், ஸ்டேஷன் பேர் எழுதுங்க" என்றாள் அந்தப் பெண். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர். எண்ணை விட அதுதான் நல்லது. விளக்கு சிவந்ததும் யாருக்கும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

பிரிவின் எல்லையில் இரண்டு தண்டவாளத்தையும் நேருக்கு நேர் வெட்டுகிறேன். மெல்லிய கட்டிங் டிஸ்க்கில் வெட்டினால் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான் வரும். அதை அப்படியே விட்டால் மே மாதம் பழிவாங்கும். ஏசி ஓடும்போது 25 டிகிரியில் இருக்கிற அறை, ஏசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் மதியம் 40ஐத் தொடும். 3 மீட்டர் தண்டவாளம் அந்த 15 டிகிரியில் முக்கால் மில்லிமீட்டர் அளவு நீளும். இடைவெளி மூடிவிடும், இரண்டு பிரிவும் ஒன்றாகிவிடும், யாருக்கும் தெரியாது. பூஸ்டர் ஒன்றுதான் என்பதால் ரயில் எப்போதும் போல ஓடும். பாதுகாப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். வெட்டிய இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சொருகி, சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் தண்டவாளத்தின் உருவத்துக்கு அரத்தால் ராவி விடுவேன். என்னிடம் வேலை பழகும் நூம்பல் பையன் இப்போது இதை என்னை விட நேர்த்தியாகச் செய்கிறான். அவன் ராவிய இடத்தை விரலால் தடவினால் எங்கே வெட்டு என்று சொல்ல முடியாது.

எல்லையின் இரு பக்கமும் ஒரே துருவம் வர வேண்டும். சிவப்பு ஒயர் எப்போதும் உள்தண்டவாளத்துக்கு என்று எனக்கு ஒரு கட்டு உண்டு. மீட்டரை ஏசியில் வைத்து ஒரே தண்டவாளத்தில் வெட்டின் இரு பக்கமும் தொட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். முழு வோல்ட் காட்டினால் ஒயர் மாறியிருக்கிறது. முதல் சக்கரம் கடக்கும்போதே ஷார்ட் ஆகும். லூப்பில் மட்டும் இந்த விதி செல்லாது. வண்டி சுற்றித் திரும்பும்போது இடது தண்டவாளம் வலதைச் சந்திக்கும். அங்கே துருவத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் வேண்டும். வண்டி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். அந்த வீட்டு ஆறு பெட்டி மின்சார ரயில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். லூப் பிரிவை அதற்கு மேல் வைத்தேன்.

ஒவ்வொரு பிரிவுக்கும் எலக்ட்ரானிக் பிரேக்கர் ஒன்று, எல்லை 2.5 ஆம்பியர். ஒரு பிரிவில் நான்கு எஞ்சினுக்கு மேல் ஓடாது, அது போதும். பிரேக்கர் பூஸ்டருக்கு முன்பு விழ வேண்டும் என்பதுதான் முக்கியம். பூஸ்டர் முந்திக்கொண்டால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை, பழையபடி எல்லாம் நிற்கும். பெரிய ரயிலில் கோளாறுக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் விழும்படி ரிலேக்களின் நேரத்தை அடுக்கி வைப்பார்கள். இங்கேயும் அதுதான் வேலை, மில்லி செகண்ட் கணக்கில். பணம் இல்லாத பையன்கள் வந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தொடராக ஒரு 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு போடச் சொல்கிறேன். சாதாரண ஓட்டத்தில் பல்பின் இழை குளிர்ந்திருக்கும், தடை குறைவு. ஷார்ட் ஆனால் இழை சிவந்து தடை ஏறி, கரன்ட்டை 2 ஆம்பியர் பக்கத்தில் பிடித்து நிறுத்தும். எந்தப் பல்பு எரிகிறதோ அந்தப் பிரிவில் கோளாறு. ஆனால் அது கரன்ட்டைத் துண்டிக்காது, கட்டுப்படுத்தும் அவ்வளவே. பல்பும் கொதிக்கும், பலகையை விட்டு விலக்கி, காற்றோட்டமான இடத்தில் பொருத்தியிருக்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் அதை நம்பி விட்டுப் போக நான் சம்மதிக்கமாட்டேன்.

சத்தம் போடும் டிகோடர்கள் வந்த பிறகு ஒரு புதுத் தலைவலி. ஒவ்வொன்றுக்குள்ளும் கெபாசிட்டர் இருக்கிறது. ஷெட்டில் ஆறு எஞ்சின் நிற்கும்போது பிரேக்கர் திரும்பச் சார்ஜ் செய்தால், ஆறும் ஒரே நொடியில் நிரம்பப் பார்க்கும். பிரேக்கர் அதை ஷார்ட் என்று நினைத்து மறுபடி விழும். நிஜ லோகோவில் கம்பியில் கரன்ட் போனாலே டிஜே தானாக விழுந்துவிடும். கரன்ட் வந்த பிறகு பைலட்தான் மூட வேண்டும். அதனால் ஒரே நேரத்தில் எல்லா வண்டியும் இழுக்காது. மாடலில் பைலட் இல்லை. ஷெட் லைன்களுக்குத் தனித்தனி சுவிட்ச் வைத்து, ஓடாத எஞ்சினுக்குக் கரன்ட் இல்லாமல் நிறுத்தி வைப்பதே சரியான வழி. எஞ்சினுக்கும் அது நல்லது.

பாயின்ட் மோட்டார்களின் கரன்ட்டைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கவே கூடாது. வண்டி தப்பான பக்கம் திருப்பியிருக்கும் பாயின்ட்டுக்குள் ஓடி ஷார்ட் ஆகும். அந்தப் பாயின்ட்டை மாற்றினால் ஷார்ட் நீங்கும். ஆனால் பிரிவு ட்ரிப் ஆகிவிட்டதால் பாயின்ட்டுக்குக் கரன்ட் இருக்காது. வண்டியைக் கையால்தான் தூக்க வேண்டும். மோட்டார்களுக்கும் அவற்றின் டிகோடர்களுக்கும் தனி சப்ளை, தனி ஒயர், தனி பியூஸ். இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

எல்லாம் முடிந்ததும் காசு வைத்துப் பார்க்கிறேன். பித்தளை நிற ஐந்து ரூபாய்க் காசு 23 மில்லிமீட்டர்; இரண்டு தண்டவாளத்திலும் படும். ஃபீடர்களுக்கு இடையிலும், ஒவ்வொரு பாயின்ட்டின் அந்தப் பக்கமும், பிரிவின் கடைசி முனையிலும் வைக்க வேண்டும். வைத்த மாத்திரத்தில் அந்தப் பிரிவின் பிரேக்கர் விழ வேண்டும், மற்ற நான்கும் விழாமல் இருக்க வேண்டும், பக்கத்து லைனில் ஓடும் வண்டி ஒரு நடுக்கமும் காட்டக்கூடாது. காசைத் தள்ளியதும் தானாகத் திரும்ப வேண்டும். ஓர் இடத்தில் காசு சூடானது, பிரேக்கர் விழவில்லை என்றால் அங்கே ஃபீடர் போதவில்லை. முகப்பேர் மேசையில் காசை வைக்கும் வேலையை அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். திருவள்ளூர் பிரிவின் மூலையில் ஒரு இடத்தில் பிரேக்கர் ஒரு கணம் தயங்கி விழுந்ததை முதலில் கவனித்தவளும் அவள்தான். அடியில் போய்ப் பார்த்தோம். ஒரு கனெக்டர் ஸ்ட்ரிப்பில் ஸ்க்ரூ முழுவதும் இறங்கவில்லை.

இப்போது ஒரு கிளைப் பாதை வேண்டும் என்கிறார்கள். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் மாதிரி, மெயினிலிருந்து பிரிந்து போய் முடிகிற பாதை. ஆறாவது பிரிவு. பாயின்ட் முடிந்த உடனே வெட்டலாம் என்றான் பையன். வரைபடத்தில் அதுதான் இயல்பான இடம். ஆனால் கிளையிலிருந்து வரும் மின்சார ரயில் மெயினுக்கு வர வழி கிடைக்கும்வரை அந்த இடத்தில்தான் நிற்கும். வெட்டின் மேல் நின்றால், சக்கரங்களும் பெட்டி விளக்கின் ஒயரும் இரண்டு பிரிவையும் இணைத்துக்கொண்டே இருக்கும். கிளையில் ஷார்ட் ஆனால் மெயினும் சேர்ந்து விழும். நியூட்ரல் செக்‌ஷனையும் சிக்னலை ஒட்டி வைக்கமாட்டார்கள், வண்டி நிற்கிற இடத்தில் அது வரக்கூடாது. ஸ்டார்ட்டர் சிக்னலையும் நிற்கும் ரயிலின் முழு நீளத்தையும் தாண்டி, வண்டி நிற்காமல் ஓடுகிற வளைவுக்குப் பின்னால் வெட்டச் சொல்லியிருக்கிறேன். தண்டவாளம் வந்து இறங்கியிருக்கிறது; வரும் ஞாயிற்றுக்கிழமை பென்சிலில் குறி போடுகிறோம்.